உணவாலும் உடற்பயிற்சியாலும் எடை குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடை குறைக்கத் தொடங்குபவர்களும், பாடுபட்டுக் குறைத்த எடை மீண்டும் ஏறிவிட்டதைக் கண்டு மனம் தளர்ந்தவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பொதுவாக உடல்நலத்துடன் இருக்கும் பெரியவர்களை மனத்தில் வைத்து விடைகளை எழுதியிருக்கிறேன். வளரும் பிள்ளைகளும், கருவுற்றிருப்பவர்களும், பாலூட்டும் தாய்மார்களும், நாள்பட்ட நோய்க்கு மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கக் கூடாது. கலோரி என்று வரும் இடங்களிலெல்லாம், பேச்சு வழக்கில் உள்ளபடி, கிலோகலோரியையே குறிப்பிடுகிறேன்.

நான் எடை குறைக்க வேண்டியவர்தானா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் அளவுகோல் பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீடு. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 165 செ.மீ. உயரமும் 72 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு அது ஏறத்தாழ 26.4. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 18.5 முதல் 25-க்குள் இருப்பது இயல்பு, 25-ஐ எட்டினால் அதிக எடை, 30-ஐ எட்டினால் உடல் பருமன். ஆசிய மக்களிடம் சர்க்கரை நோயும் இதய நோயும் இதைவிடக் குறைந்த எடையிலேயே தொடங்கிவிடுவதால், அவர்களுக்கு 23-லிருந்தே கவனம் வேண்டும் என்பது 2004-இல் அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு முன்வைத்த கருத்து.

ஆனால் இந்தக் கணக்கு 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் கெட்லே மனிதக் கூட்டங்களின் சராசரியை ஆராய்வதற்காக வகுத்தது. தனி ஒருவரின் உடலில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்பதை அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. எனவே இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துப் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவை எட்டினால், எடை இயல்பாகத் தெரிந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு குறைத்தால் பலன் தெரியும்?

பலர் எண்ணுவதைவிட மிகக் குறைவாகவே போதும். இருபது வயதில் இருந்த எடைக்குத் திரும்பினால்தான் பயன் என்று நினைப்பவர்கள், அது கைகூடாதபோது முழு முயற்சியையும் கைவிட்டு விடுகிறார்கள். அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 3,234 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. அதில் ஒரு குழுவினருக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதும், வாரத்துக்கு 150 நிமிடம் உடலை இயக்குவதும் மட்டுமே. ஏறக்குறைய மூன்று ஆண்டுகளில் அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த குழுவில் குறைந்தது 31 சதவீதம். 80 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோதான். கண்ணாடியில் பெரிய மாற்றம் தெரியாமல் இருக்கலாம், ஆனால் இரத்தத்தில் தெரியும்.

எடை குறைப்பது உணவாலா, உடற்பயிற்சியாலா?

எடையை இறக்குவதில் பெரும்பங்கு உணவுக்கு. இறங்கிய எடையை அங்கேயே நிறுத்துவதில் பெரும்பங்கு உடற்பயிற்சிக்கு. இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதைப் புரிந்துகொள்ளாததால்தான் பாதி ஏமாற்றங்கள் வருகின்றன என்பது என் எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 50 கலோரி செலவாகும். ஒரு மணி நேரம் வேகமாக நடந்து ஐந்து கிலோமீட்டரைக் கடந்தால் 250 கலோரி. சமையலில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைக் குறைத்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான். நடந்து வந்த பசியில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டால், அந்த ஒரு மணி நேர உழைப்பு எடை மெஷினில் தெரியவே தெரியாது. இதனால் நடப்பது வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, தூக்கம், மனநிலை ஆகியவற்றுக்கு அது செய்யும் நன்மை எடை இறங்காவிட்டாலும் கிடைத்துக்கொண்டே இருக்கும். உணவை மாற்றாமல் நடையால் மட்டும் பத்துக் கிலோ குறையும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

அளவாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் எடை ஏன் இறங்கவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்; தமக்குத் தெரிந்த உண்மையை. நாளுக்கு 1,200 கலோரிக்குக் குறைவாகவே சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்ன சிலரை நியூயார்க்கில் ஆய்வாளர்கள் துல்லியமான முறைகளால் அளந்து பார்த்தார்கள். 1992-இல் வெளிவந்த அந்த ஆய்வில், அவர்கள் தாம் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைவாகவும், தம் உடலுழைப்பை 51 சதவீதம் அதிகமாகவும் சொல்லியிருந்தது தெரியவந்தது. அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில், அதாவது உடல் உணவை ஆற்றலாக்கிச் செலவழிக்கும் முறையில், எந்தக் குறையும் இல்லை. அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல முடியாது. கண்ணளவு எல்லோரையும் ஏமாற்றுகிறது.

ஒரு சோதனையை உங்கள் சமையலறையிலேயே செய்து பாருங்கள். வழக்கமாக வாணலியில் எண்ணெய் ஊற்றுவதுபோல, பாத்திரத்திலிருந்து நேராக ஒரு காலிக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். பிறகு அதை 15 மி.லி. அளவுக்கரண்டியால் அள்ளி அள்ளி வேறொரு கிண்ணத்துக்கு மாற்றி எண்ணுங்கள். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது இரண்டு கரண்டி இருக்கும் என்று நினைத்தேன். நான்கு முழுக் கரண்டியும், ஐந்தாவதில் பாதியும் வந்தது. ஒரு கரண்டி ஏறத்தாழ 120 கலோரி என்றால், நான் கணக்கில் எடுக்காமல் விட்டது 300 கலோரி. எண்ணெய் தட்டில் இடத்தை அடைப்பதில்லை, வயிற்றிலும் நிறைவைத் தருவதில்லை என்பதால் அது கணக்கிலிருந்து எளிதாக நழுவிவிடுகிறது. சமைக்கும்போது ருசி பார்ப்பது, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் முடிப்பது, நின்றுகொண்டே வாயில் போடும் ஒரு பிடி கடலை ஆகியவையும் இப்படி நழுவுபவைதாம். இரண்டு வாரம் மட்டும், உண்ணும் எல்லாவற்றையும் உண்ட உடனே எழுதி வையுங்கள். வாழ்நாள் முழுக்க எழுத வேண்டிய தேவை இல்லை. எது எங்கே நழுவுகிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு வாரம் போதும்.

ஒரு நாளைக்கு எத்தனை கலோரி சாப்பிடலாம்?

1990-இல் வெளியான மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரம் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. எடையைப் பத்தாலும், செ.மீ.-இல் உள்ள உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கைக் கழிக்க வேண்டும். பிறகு ஆண்களுக்கு 5-ஐக் கூட்டவும், பெண்களுக்கு 161-ஐக் கழிக்கவும் வேண்டும். மேலே சொன்ன 165 செ.மீ. உயரமும் 72 கிலோ எடையும் உள்ளவர் நாற்பது வயதுப் பெண் என்றால், விடை ஏறத்தாழ 1,390. அசையாமல் படுத்திருந்தாலும் அவர் உடல் செலவழிப்பது அது. பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்பவராக இருந்தால் 1.4-ஆல் பெருக்க, நாளின் மொத்தச் செலவு ஏறத்தாழ 1,950 கலோரி என்று வரும். அதிலிருந்து 400 முதல் 500 வரை குறைத்து உண்பது பெரும்பாலோர் தாங்கக்கூடிய அளவு.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. அதை வைத்து, நாளுக்கு 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஓராண்டில் இருபத்துமூன்று கிலோ என்று கணக்குப் போடுகிறார்கள். தொடக்க வாரங்களுக்கு இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும், ஆண்டுக் கணக்குக்குப் பொருந்தாது. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைவதால் வேகம் தானாகவே மந்தமாகும். நாளுக்கு 800 கலோரிக்கும் குறைவான உணவுமுறையை மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் யாரும் எடுக்கக் கூடாது. மிக வேகமாக எடை இறங்கினால் தசை கரைவதோடு பித்தப்பைக் கல்லும் உருவாகக்கூடும்.

எந்த டயட் சிறந்தது?

கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா என்ற வாதத்துக்கு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல விடை தருகிறது. 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு தொடர்ந்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடே அல்ல. மரபணு வகையைப் பார்த்தோ இன்சுலின் சுரப்பைப் பார்த்தோ யாருக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்குள்ளும் இருபது கிலோவுக்கு மேல் இழந்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். இரு குழுவினருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: காய்கறியை நிறைய உண்ணுங்கள், சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் நன்கு தீட்டிய மாவையும் விலக்குங்கள், முடிந்தவரை வீட்டில் சமைத்ததை உண்ணுங்கள்.

ஆகவே டயட்டின் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு ஆண்டு கழித்தும் இதே உணவை மனக்குறை இல்லாமல் உண்ண முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்று தோன்றினால், அந்த முறை முதல் மாதத்தில் எத்தனை கிலோ குறைத்தாலும் உங்களுக்கு ஏற்றதல்ல.

தட்டில் எதை மாற்றினால் பசியில்லாமல் குறைக்கலாம்?

முதலில் புரதம். பருப்பு, பயறு, முட்டை, மீன், கொழுப்பு நீக்கிய இறைச்சி, தயிர் என்று எதிலிருந்து வந்தாலும், புரதம் நீண்ட நேரம் பசியைத் தள்ளிப்போடுகிறது. செரிப்பதற்கே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிறது. மாவுச்சத்துக்கு அது 5 முதல் 10 சதவீதம், கொழுப்புக்கு 3 சதவீதத்துக்கும் குறைவு. எடை குறைக்கும் காலத்தில் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராம் அல்லது அதற்குச் சற்று மேல் புரதம் இருந்தால், கரைவது தசையாக இல்லாமல் கொழுப்பாக இருப்பதற்கு உதவும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது கன அளவு. வயிறு எடையையும் பருமனையும் உணர்கிறது, கலோரியை எண்ணுவதில்லை. கால் கிலோ வெந்த காய்கறி வயிற்றை நிரப்பும். அதே கலோரி உள்ள வறுத்த தின்பண்டம் உள்ளங்கையில் அடங்கிவிடும். தட்டில் பாதியைக் காய்கறியால் நிரப்பி அதை முதலில் உண்ணத் தொடங்கினால், மீதிப் பாதியைக் குறைத்தது அவ்வளவாகத் தெரியாது.

மூன்றாவது, ஆலையில் பலபடியாகப் பதப்படுத்திய பாக்கெட் உணவுகள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் இத்தகைய உணவையும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவையும் கொடுத்தார்கள். பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒத்திருந்தன. வேண்டிய அளவு உண்ணலாம் என்பதுதான் விதி. பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள், இரண்டு வாரத்தில் 0.9 கிலோ கூடினார்கள். மற்ற உணவில் அதே அளவு குறைந்தார்கள். 2019-இல் வெளியான இந்த முடிவைப் படித்த பிறகு, வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனிப்பூட்டிய பானங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குடித்த கலோரியை உடல் உணவாகக் கணக்கில் வைப்பதில்லை. எதையாவது ஒன்றை மட்டும் விட முடியும் என்றால் இதை விடுங்கள். சர்க்கரைக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பூட்டிகளை எடை குறைக்கும் வழியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியுள்ளது.

எட்டு மணி நேரத்துக்குள் எல்லா வேளையும் உண்டுவிட்டு மீதி நேரம் பட்டினி இருப்பது கூடுதலாகப் பயன் தருமா?

சிலருக்கு அது உண்ணும் அளவைக் குறைக்க எளிய வழியாக இருக்கிறது. அதற்குமேல் அதில் தனி மாயம் இல்லை. 139 பேரிடம் ஓராண்டு நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், இரு குழுவினரும் ஒரே அளவு கலோரியைக் குறைத்தார்கள், ஒரு குழுவினர் மட்டும் நேரத்தையும் சுருக்கினார்கள். எடை இழப்பு நேரத்தைச் சுருக்கியவர்களுக்கு 8 கிலோ, மற்றவர்களுக்கு 6.3 கிலோ என்று வந்தது. அந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இதைத் தாமாகத் தொடங்கினால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும்.

முதல் வாரம் வேகமாக இறங்கிய எடை பிறகு ஏன் தடுமாறுகிறது?

கல்லீரலிலும் தசையிலும் ஏறத்தாழ அரைக் கிலோ கிளைகோஜன், அதாவது உடல் சேர்த்து வைக்கும் மாவுச்சத்து, சேமிப்பில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் குறைந்தது மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. உணவைக் குறைத்தவுடன் முதலில் கரைவது இதுதான், கூடவே நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் இறங்கும் இரண்டு கிலோவில் கொழுப்பு கால் பங்கு இருந்தாலே பெரிது.

என் நோட்டில் ஒரு வாரத்தின் காலை எடைகள் இப்படி இருக்கின்றன: 81.6, 81.2, 82.3, 82.0, 81.4, 81.1, 81.5. மூன்றாம் நாளின் பக்கத்தில் ‘முந்தின இரவு விருந்து’ என்று எழுதியிருக்கிறேன். ஒரே இரவில் ஒரு கிலோவுக்கு மேல் கொழுப்பு ஏற முடியாது. அது உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த நீர். அந்த வாரத்தின் சராசரி 81.6, அதற்கு முந்தின வாரத்தின் சராசரி 82.0. உண்மையில் நடந்தது அந்த 400 கிராம்தான். தினமும் காலையில் கழிப்பறைக்குச் சென்று வந்தபின், எதுவும் உண்ணாமல் பருகாமல் எடை பார்த்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிடாய் உள்ள பெண்கள் சென்ற மாதத்தின் அதே நாள்களோடு ஒப்பிடுவது சரியாக இருக்கும். தினமும் எண்ணைப் பார்ப்பது மன உளைச்சலைத் தருகிறது என்றால் இடுப்புச் சுற்றளவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

வாரக்கணக்கில் எடை அப்படியே நின்றுவிட்டால் உடல் முரண்டு பிடிக்கிறது என்று பொருளா?

ஓரளவுக்கு ஆம். எடை இறங்கும்போது உடல் சிக்கனத்துக்கு மாறுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கடும் உணவுக்கட்டுப்பாட்டாலும் பயிற்சியாலும் சராசரியாக 58 கிலோ குறைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்து அளந்தபோது, அவர்களுடைய உடல் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றல், அவர்கள் உடலளவுக்கு எதிர்பார்க்கப்பட்டதைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாக இருந்தது. பெரும்பாலோருக்கு எடையும் திரும்பி ஏறியிருந்தது. திரும்பாமல் காத்துக்கொண்டவர்கள் உடலியக்கத்தைப் பெரிதும் கூட்டி வைத்திருந்தவர்கள். மிதமாகக் குறைப்பவர்களிடம் இந்தச் சிக்கனம் இவ்வளவு கடுமையாக இருப்பதில்லை.

எடை மூன்று வாரத்துக்கு மேல் நின்றால், மீண்டும் ஒரு வாரம் உணவை எழுதிப் பாருங்கள். அளவு மெல்லக் கூடியிருப்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அப்படி இல்லையென்றால், இப்போதைய எடைக்கு மேலே சொன்ன சூத்திரத்தை மறுபடி போடுங்கள். சில மாதம் அந்த எடையிலேயே நிலைத்திருந்துவிட்டுப் பிறகு தொடர்வதும் நல்ல முடிவே.

மன உறுதி இல்லாததால்தான் என்னால் முடியவில்லையா?

இல்லை. 1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், நல்ல உடல்நலமும் மனநலமும் கொண்ட 36 இளைஞர்களுக்கு 24 வாரம் பாதி உணவு கொடுத்து ஆராய்ந்தார். போரால் பட்டினியில் வாடிய மக்களை எப்படி மீட்பது என்பதை அறிய அவர்கள் தாமாக முன்வந்தவர்கள். உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்த அவர்கள் உணவைப் பற்றியே கனவு கண்டார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிச்சலும் சோர்வும் கொண்டார்கள். கொள்கைப் பிடிப்பு மிக்க இளைஞர்களே அப்படி ஆனார்கள் என்றால், கடுமையாகப் பட்டினி கிடந்து ஓரிரவில் கட்டுமீறி உண்டுவிட்ட ஒருவர் தம்மை நொந்துகொள்வதில் நியாயமே இல்லை. பசி என்பது உடலின் தற்காப்பு. அதை எதிர்த்துப் போரிடும் திட்டத்தைவிட, அது தலைதூக்காதபடி பார்த்துக்கொள்ளும் திட்டமே நிலைக்கும்.

தொப்பையை மட்டும் குறைக்க முடியுமா?

முடியாது. வயிற்றுத் தசைக்கான பயிற்சி அந்தத் தசையை வலுப்படுத்தும். அதன்மேல் உள்ள கொழுப்பைத் தேர்ந்தெடுத்துக் கரைக்காது. இடுப்பில் கட்டும் பெல்ட்டும் வியர்க்க வைக்கும் ஆடையும் இறக்குவது நீரைத்தான். ஒரு செம்புத் தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடும்.

கரையும் கொழுப்பு எங்கேதான் போகிறது?

பெரும்பகுதி மூச்சுக் காற்றாக வெளியேறுகிறது. 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக நுரையீரல் வழியாகவும், மீதி 1.6 கிலோ நீராகவும் போகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2014-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். வேகவேகமாக மூச்சு விட்டால் குறைந்துவிடாது. தசை வேலை செய்து அந்த வாயுவை உண்டாக்க வேண்டும்.

எந்த உடற்பயிற்சியை, எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்?

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான இயக்கமும், குறைந்தது இரண்டு நாள் தசை வலுப்பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது மிதமான வேகம். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம். 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. வயதான பெண்கள் 16,741 பேரைத் தொடர்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைந்திருந்தது; 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. இப்போது நீங்கள் நடப்பதோடு ஆயிரம் அடியைக் கூட்டிக்கொண்டு தொடங்குங்கள்.

தசை வலுப்பயிற்சியைப் பலர், குறிப்பாகப் பெண்கள், தவிர்க்கிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்கு ஏறத்தாழ 13 கலோரிதான் எரிக்கிறது. எனவே தசை வளர்ந்தால் உட்கார்ந்தபடியே கொழுப்பு கரையும் என்பது மிகை. ஆனால் உணவைக் குறைக்கும்போது பயிற்சி இல்லாவிட்டால் இழக்கும் எடையில் கணிசமான பங்கு தசையாகவே போகிறது. எடை திரும்பும்போதோ பெரும்பாலும் கொழுப்பாகவே திரும்புகிறது. இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் எண் அதேதான், உடல் வேறு. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவது ஆகியவற்றில் தொடங்கலாம். கடைசி இரண்டு முறை கடினமாக இருக்கும் அளவுக்குப் பளு இருக்க வேண்டும். பழகியதும் பளுவைக் கூட்ட வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு நீச்சலும் சைக்கிளும் ஏற்றவை. நெஞ்சு வலி, படியேறினால் மயக்கம், தெரிந்த இதய நோய் ஆகியவை உள்ளவர்கள் மருத்துவர் பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

தூக்கத்துக்கும் எடைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அதிக எடையுள்ள பத்துப் பேருக்கு ஒரே அளவு குறைந்த உணவு கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டிலும் ஏறத்தாழ மூன்று கிலோ குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு; தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான். ஆய்வு சிறியது என்றாலும், தூக்கத்தைப் பறித்து அதிகாலையில் ஓடத் தொடங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாற்பது வயதுக்கு மேல் வளர்சிதை மாற்றம் குறைந்துவிடுகிறது என்கிறார்களே?

6,400-க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை அளந்த 2021-ஆம் ஆண்டு ஆய்வின்படி, உடலளவைக் கணக்கில் கொண்டால் அது இருபது வயதிலிருந்து அறுபது வயது வரை ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. நடுவயதில் குறைவது பெரும்பாலும் நடமாட்டமும் தசையும்தாம், அவை இரண்டையும் மீட்க முடியும்.

குறைத்த எடை திரும்பாமல் எப்படிக் காப்பது?

குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டுக்கு மேல் அதைக் காத்தவர்களின் பதிவேடு ஒன்றை 1994-இல் அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் இருவரும் தொடங்கினார்கள். அதில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்திருக்கிறார்கள். எடையைக் குறைத்த வழி ஆளுக்கு ஆள் வேறு. காத்த வழியில் ஒற்றுமை அதிகம். பத்தில் ஒன்பது பேர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடலை இயக்குகிறார்கள், நான்கில் மூன்று பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். தாமாக வந்து பதிந்தவர்கள் என்பதால் இதை எல்லோருக்கும் பொதுவான நிரூபணமாகக் கொள்ள முடியாது, வழிகாட்டியாகக் கொள்ளலாம்.

இலக்கை அடைந்த நாளில் ‘முடிந்தது’ என்று பழைய அளவுக்குத் திரும்புவதுதான் பெரிய அபாயம். உடல் இப்போது சிறியது. பழைய அளவு அதற்கு அதிகம். குறைக்க எடுத்த காலத்தைப் போல் குறைந்தது இருமடங்கு காலத்தைக் காப்பதற்கென்று முன்கூட்டியே ஒதுக்குங்கள். எந்த எடையைத் தாண்டினால் மீண்டும் உணவை எழுதத் தொடங்குவது என்று ஓர் எண்ணை முடிவு செய்து வையுங்கள். இலக்குக்கு இரண்டு கிலோ மேலே என்பது பொருத்தமாக இருக்கும். இரண்டு கிலோவைச் சரி செய்ய ஒரு மாதம் போதும், பத்துக் கிலோ ஏறிய பிறகு விழித்துக்கொண்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

முயற்சி எதுவும் இல்லாமல் எடை இறங்கினால் உடனே. உணவு மாறாமலே எடை வேகமாக ஏறினால், தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி நோய், ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் ஆகியவை காரணமாக இருக்கலாம்; மருந்தை நீங்களாக நிறுத்தாமல் மாற்று உண்டா என்று கேளுங்கள். உண்டதை வலிந்து வாந்தியெடுப்பது, உண்டதற்குத் தண்டனையாகப் பயிற்சி செய்வது, கட்டுப்படுத்த முடியாமல் உண்பது ஆகியவை சிகிச்சை தேவைப்படும் நிலைகள். வெட்கப்பட வேண்டியவை அல்ல. பருமன் மிகுந்தவர்களுக்கு இன்று மருந்துகளும் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன. அவற்றை நாடுவது தோல்வி ஆகாது.

ஒரு நாள் கட்டுப்பாடு தவறிவிட்டால் என்ன செய்வது?

தேவைக்கு மேல் ஆயிரம் கலோரி உண்டுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 7,700-ஆல் வகுத்தால், அது முழுவதும் கொழுப்பாக மாறினாலும் 130 கிராம். மறுநாள் காலையில் மெஷின் காட்டும் ஒன்றரைக் கிலோவில் மீதியெல்லாம் நீரும், செரித்து முடியாத உணவும். அதை ஈடுகட்ட மறுநாள் பட்டினி கிடந்தால் அன்று இரவே பசி வென்றுவிடும். எனவே மறுநாள் காலை உணவை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில் உண்ணுங்கள். வழக்கமாக நடக்கும் தொலைவை நடந்துவிட்டு வாருங்கள். அந்த எண்ணையும் நோட்டில் மறைக்காமல் எழுதிவிட்டு, நான்காம் நாள் காலையில் மறுபடி எடை பாருங்கள்.